தோல் சப்பாத்தோடு ஐஸில் பாய்ந்த கோச்

1. நாங்கள் ஒரு கோலால் பின்தங்கியிருந்தோம்.
2. ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே இருந்தது.
3. எங்கள் கோல்கீப்பர் கோல் கம்பங்களை விட்டுவிட்டு பெஞ்சை நோக்கி விரைந்து வந்தாள். கோல் வெறுமையாய்க் கிடந்தாலும் பரவாயில்லை, தாக்குவதற்கு ஓர் ஆள் கூடும் என்பது கணக்கு. சரியான முடிவு.
4. அவள் பெஞ்சைத் தொட்டதும் லீயா என்ற ஆட்டக்காரி தடுப்பைத் தாண்டி ஐஸில் இறங்க வேண்டும். லீயா இறங்கினாள்.
5. நானும் இறங்கினேன்.
6. நான் அணியின் தலைமைப் பயிற்சியாளர். என் காலில் ஸ்கேட்ஸ் இல்லை. குதி உயர்ந்த தோல் சப்பாத்து இருந்தது.
7. நடுவர் விசில் ஊதும்போது நான் முதுகில் கிடந்தபடி அரங்கின் நடுப்பகுதியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன்.

இந்த ஏழும்தான் நீங்கள் நால்வரும் பார்த்த வீடியோவில் இருப்பவை. உங்களில் ஒருத்தி அதை எனக்கே அனுப்பி, "அக்கா, இது நீங்களோ?" என்று கேட்டிருந்தாள். ஓம், நான்தான். பின்னணியில் "உது என்ர மகள்!" என்று கேட்கும் குரல் என் அப்பாவுடையது. அவர் அதைப் பெருமையாகச் சொன்னாரா, பதறிப்போய்ச் சொன்னாரா என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் தகராறு.

இந்தக் குளிர்காலம் நீங்கள் நால்வரும் முதல்முறையாகக் கல்லூரி அணிகளின் பெஞ்சில் கோச்களாக நிற்கப்போகிறீர்கள். நான் முப்பத்து நான்கு வயதில் கோச் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டவள். என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னீர்கள். அதுவும் தமிழில், அப்போதுதான் வீட்டில் அம்மா வாசித்து "இவள் அங்க போய் என்னதான் செய்யிறாள்" என்பதற்கு விடை காண்பார் என்றீர்கள். பயிற்சி அட்டவணை, ஆட்ட வரைபடம், ஸ்கேட்ஸ் தீட்டுவது இவையெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதனால் அந்த ஓர் ஆட்டத்தை மட்டும் எழுதுகிறேன். பத்து வருடங்களில் நான் கற்றவற்றில் பெரும்பகுதி அந்த ஒரு மாலைக்குள் அடங்கிவிட்டது.

முதலில் எங்கள் அணியின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் எதுவும் விளங்காது.

ஐஸ் ஹொக்கியில் பெஞ்சிலிருந்து கோச் கத்துவது எதிரணிக்கும் கேட்கும். பிரெஞ்சில் கத்தினாலும் ஆங்கிலத்தில் கத்தினாலும் இந்த மொன்றியல் நகரத்தில் அது அறிவிப்புப் பலகையில் எழுதி மாட்டியதற்குச் சமம். ஒருநாள் ஆத்திரத்தில் எங்கள் கோல்கீப்பர் துளசியைப் பார்த்துத் தமிழில் கத்திவிட்டேன். லாசாலில் வளர்ந்த பிள்ளை, வீட்டில் தமிழ்தான். "துளசி, பொறு! வெளியால வராத!" அவள் பொறுத்தாள். எதிரணியில் ஒருத்திக்கும் என்ன நடந்தது என்று விளங்கவில்லை. பக், அந்தக் கறுப்பு இறப்பர் வட்டு, அவளுடைய கையுறைக்குள் வந்து விழுந்தது.

நான் இயந்திரப் பொறியியல் படித்தவள். பகலில் சென்ட் லோரன்ட்டில் விமானப் பாகங்கள் செய்யும் ஆலையில் பகுதிநேர வேலை. ஒரு விஷயம் ஒருதரம் வேலை செய்தால் அதை முறைப்படுத்தாமல் எனக்கு நித்திரை வராது. அடுத்த வாரமே முழு அணிக்கும் ஆறு தமிழ்ச் சொற்கள்: இடம், வலம், பொறு, ஓடு, விடு, அடி. தமிழே கேட்டிராத கியூபெக் பிள்ளைகள் அதைக் கொண்டாடினார்கள். நோயெமி என்ற எங்கள் முன்கள ஆட்டக்காரி, தெருமுனை தெப்பனர் கடையில் வரிசை நகராதபோது முன்னால் நின்றவரைப் பார்த்து "ஓடு!" என்று சொல்லிவிட்டு வந்து என்னிடம் பெருமையடித்தாள். உடைமாற்று அறையில் யாராவது குளியலறையில் அதிக நேரம் நின்றால் வெளியிலிருந்து எல்லோரும் சேர்ந்து "விடு! விடு!" என்று கதவில் தட்டுவார்கள். நாங்கள் தொடர்ந்து வென்றோம். உலகத்தில் என்னைவிடக் கெட்டிக்காரி இல்லை என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

இப்படியே அரையிறுதிக்கு வந்து சேர்ந்தோம்.

அந்த ஆட்டம் துளசிக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு அது கல்லூரியில் கடைசி வருடம். அவளுடைய அப்பா வருடத் தொடக்கத்திலேயே என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "பிள்ளை, நான் குறுக்க நிக்கேல்லை. பல்கலைக்கழக ரீம் ஒண்டு கூப்பிட்டா விளையாடட்டும். கூப்பிடேல்லையெண்டா இந்த வருசத்தோட காணும். மட்டையையும் கவசத்தையும் வித்துப்போட்டுப் படிக்கட்டும்." நியாயமான பேச்சு. ஒரு பல்கலைக்கழகப் பயிற்சியாளர் துளசியைப் பார்க்க விரும்பினார். ஆனால் அவர் வீடியோவை நம்புகிறவர் அல்ல. கோல்கீப்பரை நேரில் பார்த்துத்தான் எடுப்பார். அவருக்கு ஓய்வாக இருந்தது இறுதி ஆட்டத்தன்று மட்டும். அரையிறுதியில் தோற்றால் இறுதி ஆட்டம் இல்லை. இறுதி ஆட்டம் இல்லையென்றால் அவர் துளசியைப் பார்க்கப்போவதே இல்லை.

 ஆட்டத்துக்கு முன் துளசி கவசத்தின் வார்களை இறுக்கிக்கொண்டே, "அக்கா, அந்தச் சப்பாத்தோடயோ நிக்கப் போறீங்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

"அம்மா வாங்கித் தந்தது. தலைமைக் கோச் எண்டா ஒரு மதிப்பு வேணுமாம்."

"மதிப்பு நல்லாத்தான் இருக்கு. வழுக்காதோ?"

"நான் பெஞ்சிலதானே நிக்கப்போறன்?"

இந்த வரியை நினைவில் வைத்திருங்கள்.

முதல் கோல் நாங்கள் போட்டோம். அதன்பிறகு விசித்திரம் தொடங்கியது. நான் "இடம்!" என்று கத்தினால் எதிரணியின் ஏழாம் இலக்கப் பிள்ளை நாங்கள் போவதற்கு முன்பே அந்தப் பக்கம் போய் நிற்பாள். "பொறு!" என்றால் அவள் பாய்ந்து வந்து பக்கைப் பறிப்பாள். இரண்டு கோல்கள். இரண்டும் அவளுடையவை. என்ன அபாரமான ஊகம், இந்தப் பிள்ளைக்கு முதுகிலும் கண் இருக்கிறது என்று என் உதவிப் பயிற்சியாளர் ஜோசேயிடம் வியந்து சொன்னேன். ஜோசே ஆரம்பப் பாடசாலையில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். எதற்கும் உடனே பதில் சொல்லமாட்டார். "முதுகில் கண்ணா," என்று இழுத்தார், "அல்லது தலையில் காதா?"

இரண்டாம் இடைவேளையில் அப்பா கண்ணாடித் தடுப்புக்கு அருகே வந்து கையாட்டினார். ஒரு கையில் தேத்தண்ணிப் போத்தல், மறுகையில் பாதி கடித்த ரோல்ஸ்.

"பிள்ளை, உங்கட எதிர் ரீமில விளையாடுற அந்த ஏழாம் நம்பர், எங்கட ராணி அன்ரியின்ர மகள். ஹரிணி. நல்ல கெட்டிக்காரி."

"எந்த ராணி அன்ரி?"

"கோயில்ல அன்னதானத்துக்கு வெங்காயம் வெட்டுறவ. இந்த ரோல்ஸ் அவ செய்ததுதான். மேல பக்கத்திலதான் இருக்கிறா. உனக்கும் ரெண்டு தந்துவிட்டவ."

"அப்பா! அது தமிழ்ப் பிள்ளையோ?"

"ஓம், பின்ன?"

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"ஆட்டம் தொடங்க முந்தியே தெரியும்."

"ஏனப்பா முதலே சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே."

ஹரிணி, நீ இதை வாசிக்கும்போது சிரிக்கக் கூடாது. ஓம், மற்ற மூவருக்கும் சொல்கிறேன், உங்களோடு இருக்கும் அதே ஹரிணிதான். மொன்றியலில் ஐஸ் ஹொக்கி விளையாடும் தமிழ்ப் பெண்கள் எங்கள் அணியில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நினைத்தது என் பிழை. வெளியில் போனால் பேருந்திலும் தமிழில் இரகசியம் பேச முடியாத ஊர் இது. அரங்குக்குள் மட்டும் முடியும் என்று எப்படி நம்பினேனோ!

உடைமாற்று அறைக்குள் போகும்போது என் தலை முறைப்படுத்தத் தொடங்கியிருந்தது. மூன்று வழிகள் தெரிந்தன. தமிழை முழுக்க நிறுத்துவது. அப்படியே தொடர்வது. அல்லது சொற்களைத் திருப்பிப்போடுவது. மூன்றாவதுதான் அழகாக இருந்தது. நெருக்கடியில் எந்த வழி அழகாகத் தெரிகிறதோ அதைச் சந்தேகியுங்கள் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"கேளுங்கள்," என்றேன் பிரெஞ்சில். "இனி இடம் என்றால் வலம். வலம் என்றால் இடம். பொறு என்றால் ஓடு. ஓடு என்றால் பொறு."

நோயெமி கையை உயர்த்தினாள். "அடி என்றால்?"

"அடி என்றால் அடிதான்."

"அது மட்டும் ஏன் மாறவில்லை?"

"அதற்கு எதிர்ச்சொல் இல்லை."

"விடு?"

"அது... விடு."

"விடு என்றால் விடுவா, இல்லை அந்தக் கேள்வியை விடு என்கிறீர்களா?"

ஜோசே கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் வெளியேறியதும் என் கோட்டின் கையைப் பிடித்தார். "மாதக்கணக்காகப் பழக்கியதை ஓர் இடைவேளையில் திருப்பப்போகிறாயா?"

"இவர்கள் புத்திசாலிப் பிள்ளைகள், ஜோசே."

"புத்திசாலிகள்தான். ஆனால் கால்களுக்குப் புத்தி கிடையாது. கால்களுக்குப் பழக்கம் மட்டும்தான்."

நான் கேட்கவில்லை. மூன்றாம் பகுதி தொடங்கிச் சற்று நேரத்தில் "இடம்!" என்று கத்தினேன். நோயெமியின் தலை வலம் போனது, கால் இடம் போனது. லீயா நேர்மையாகச் சொன்னபடி வலம் போனாள். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் மோதி, கட்டிப்பிடித்தபடி விழுந்தார்கள். ஹரிணி பாவம், அவளும் குழம்பித்தான் போனாள். இடப்பக்கம் போய்க் காவல் நின்றாள். ஆனால் அவளுடைய அணியில் மற்றவர்களுக்குத் தமிழ் தெரியாதே! அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பக் தனியாகக் கிடக்கிறது என்பதுதான். எடுத்துக்கொண்டு போய்ப் போட்டார்கள்.

மூன்றுக்கு ஒன்று. நான் ஆட்டத்தை நிறுத்தி ஓய்வு கேட்டேன். எல்லோரும் பெஞ்சைச் சுற்றி நின்றார்கள். நோயெமி தாடையைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் புதிய திருத்தம் ஒன்றை விளக்க வாயைத் திறந்தேன். துளசி முகக்கவசத்தை மேலே தள்ளினாள். வியர்வை கண்ணுக்குள் வழிந்துகொண்டிருந்தது.

"அக்கா, ஒண்டும் சொல்லாதேங்கோ."

"ஒண்டுமோ?"

"ஒண்டும். வாயை மூடுங்கோ எண்டதை மரியாதையாச் சொல்லுறன்."

"அப்ப கடைசி நிமிசத்தில கோலை விட்டிட்டு எப்ப வெளியால வாறதெண்டு ஆர் உனக்குச் சொல்லுறது?"

"நானே வருவன். எனக்கு அங்கயிருந்து எல்லாம் தெரியும். உங்களுக்கு இஞ்சயிருந்து பாதிதான் தெரியும்."

அந்த ஆட்டம் அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும். தோற்றால் போவது என்னுடைய பருவம் மட்டுமல்ல, அவளுடைய ஹொக்கி. ஆகவே அவள் சொன்னதை ஏற்றேன். நான் பெஞ்சில் எடுத்த முடிவுகளில் உருப்படியானது அது ஒன்றுதான், இன்றுவரை அப்படித்தான் சொல்வேன். அணிக்கு ஒரே வசனம்: "நான் இனி ஒன்றும் சொல்லமாட்டேன், உங்களுக்குத் தெரிந்ததைச் செய்யுங்கள்." பிள்ளைகளின் முகத்தில் தெரிந்த நிம்மதி கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. கோட்டின் பைகளுக்குள் கையை வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, தடுப்பின் ஓரத்தில் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றேன். பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிரெஞ்சில், ஆங்கிலத்தில், பழக்கத்தில் பாதித் தமிழில். நோயெமி ஒன்று போட்டாள். மூன்றுக்கு இரண்டு. சத்தம் கூரையைத் தூக்கியது. மேலேயிருந்து அப்பாவின் குரல்: "அது ஆர் போட்டது?"

அதன்பிறகுதான் நீங்கள் பார்த்த வீடியோ.

நான் ஆட்டக்காரியாக இருந்த காலத்தில், கோல்கீப்பர் வெளியே வரும்போது உள்ளே பாயும் அந்த ஆறாவது ஆள் எப்போதும் நான்தான். கல்லூரியில் நான்தான், பல்கலைக்கழகத்திலும் நான்தான், முழங்கால் போகும்வரை நான்தான். ஆகவே துளசி முழுக் கவசத்தோடு என்னை நோக்கி விரைந்து வந்ததும், லீயாவின் தோளைத் தட்ட வேண்டிய கை தட்டியது. அதே நேரம் என் இடது கால் தடுப்பின்மேல் இருந்தது. அதற்குப்பின் வலது கால். நான் எந்த முடிவும் எடுக்கவில்லை. கால்களுக்குப் புத்தி கிடையாது என்று ஜோசே சொன்னது நான் காற்றில் இருக்கும்போது நினைவுக்கு வந்தது. தோலுக்கும் ஐஸுக்கும் இடையிலான உராய்வைப்பற்றி நான் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறேன். அன்று செய்முறை.

கிடந்தபடி கூரையின் விளக்குகளைப் பார்த்தேன். ஒரு முகம் குனிந்தது. ஏழாம் இலக்கம்.

"அக்கா, ஒண்டும் நடக்கேல்லையே?"

"இல்லை பிள்ளை."

"சப்பாத்து வடிவாயிருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் தன் இடத்துக்குப் போனாள். ஹரிணி, அதுதான் நாம் இருவரும் முதன்முதலாகப் பேசியது.

நடுவர் என்னைக் கையைப் பிடித்து எழுப்பினார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு பார்க்கப் பரிதாபமாக இருந்தது. பிறகு இரண்டு நிமிடத் தண்டனையைக் கொடுத்தார், ஒரு பிள்ளை தண்டனைப் பெட்டிக்குப் போக வேண்டும். என்னை வெளியேறச் சொன்னார். "மடாம், அந்தக் கதவால். நடந்து. மெதுவாக." என் சப்பாத்தின் ஒரு குதி கழன்று ஐஸிலேயே கிடந்தது. அதை லீயா தன் மட்டையால் தள்ளிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். நொண்டிக்கொண்டு போனேன்.

பெஞ்சுக்குப் பின்னால் ஒரு நடைபாதை, அதை மறைக்கும் தடித்த இறப்பர்த் திரை. அதற்கு அப்பால் நின்றால் சத்தம் கேட்கும், ஒன்றும் தெரியாது. திரைக்குள் எட்டிப்பார்த்தால் இன்னொரு தண்டனை என்று நடுவர் எச்சரித்திருந்தார். அப்பாவும் ராணி அன்ரியும் படிகளால் இறங்கி வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. அப்பா திரையை விலக்கித் தலையை உள்ளே விட்டார். எனக்கு நேர்முக வர்ணனை தொடங்கியது. அப்பா பார்த்து வளர்ந்தது கிரிக்கெட்.

"துளசி திரும்பக் கோலுக்குப் போறாள்."

"என்ன? நாங்கள் ஒரு கோல் பின்னுக்கு நிக்கிறம் அப்பா! இப்ப ஒரு ஆளும் குறைவு!"

"எனக்கென்ன தெரியும், போறாள். அந்த வெள்ளைக்காரப் பொம்பிளை அவளைப் பாத்துத் தலையை ஆட்டினவ." அது ஜோசே. "பந்தைப் போட்டாச்சு. எங்கட ஆள்... இல்லை, உவவின்ர மகள் எடுத்திட்டாள்."

"பந்தில்லை அண்ணை, பக்," என்றார் ராணி அன்ரி.

அந்த நேரம் திரைக்கு அப்பால் துளசியின் குரல் எனக்கே கேட்டது. அரங்கு முழுக்கக் கேட்டது. "நான் வாறன்! கதவைத் திறவுங்கோ! நான் வாறன்!"

"வாறாளோ?" என்றேன்.

"வரேல்லையே," என்றார் அப்பா. "நிண்ட இடத்திலயே நிக்கிறாள். பிள்ளைக்கு என்ன பிடிச்சது? வாறன் எண்டு கத்துறாள், அசையிறாளில்லை."

எனக்கு விளங்கியது. இறப்பர்த் திரையைப் பிடித்துக்கொண்டேன்.

நடந்ததை ஹரிணியே பிறகு எனக்குச் சொன்னாள். அவள் நடுக்கோட்டுக்கு அருகில், எங்கள் கோலுக்கு முதுகைக் காட்டியபடி, இரண்டு பேரால் ஓரத்தடுப்போடு நெருக்கப்பட்டு நின்றாள். நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. காதில் தமிழ் விழுந்தது: கோல்கீப்பர் வெளியே போகிறாள். அதாவது கோல் வெறுமை. திரும்பியும் பார்க்காமல் பக்கைச் சுழற்றி அந்தத் திசையில் அனுப்பினாள். மெதுவாக, நேராக, அதிகம் வேகமில்லாமல். வெறும் கோலுக்கு அது போதும். பக் போய்த் துளசியின் மட்டையில் அழகாக ஒட்டிக்கொண்டு நின்றது. ஹரிணியின் அணியினர் அதற்குள் கையை உயர்த்தத் தொடங்கியிருந்தார்கள். துளசி ஒரே தள்ளில் பக்கை அரங்கின் நீளத்துக்கு அனுப்பினாள். நோயெமி அங்கே தனியாக ஓடிக்கொண்டிருந்தாள்.

எங்கள் பெஞ்ச் முழுவதும் ஒரே குரலில் "அடி!" என்று அலறியது. எதிர்ச்சொல் இல்லாத சொல்.

கோல் விழுந்ததை நான் ராணி அன்ரியின் முகத்தில்தான் பார்த்தேன். "ஐயோ, என்ர பிள்ளை," என்றார். உடனே என் தோளைப் பிடித்து, "உங்கட துளசி பொல்லாத ஆள் பிள்ளை," என்றார். அதில் பாராட்டும் இருந்தது.

மேலதிக நேரம். முதல் கோல் போடுகிறவர்களுக்கே வெற்றி. நான் குதியில்லாத சப்பாத்தோடு சுவரில் சாய்ந்து நின்றேன். அப்பா எனக்கு ஒரு ரோல்ஸைத் தந்தார். தின்ன முடியவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஓடுகினம். திரும்பவும் ஓடுகினம். துளசி விழுந்து மறிச்சிட்டாள். எழும்பீட்டாள். இப்ப அங்கால ஒருத்தி விழுந்தாள்... இன்னொருத்தி... ஆ! போட்டாச்சு! போட்டாச்சு!"

"ஆரப்பா? எந்த நிறம்?"

"நீலம்!" என்றார் அப்பா. பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். "நாங்கள் என்ன நிறம்?"

ஒரு பருவம் முழுக்க ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டொலார்ட்டிலிருந்து காரோடி வந்த மனிதர் அவர்.

ராணி அன்ரி மெல்லப் படியில் அமர்ந்தார். "நீங்கள்தான் நீலம் அண்ணை," என்றார்.

போட்டது லீயா. நான் பாய்ந்திராவிட்டால் அந்த ஆறாவது ஆளாக ஒழுங்காக ஆடியிருக்க வேண்டியவள்.

இறுதி ஆட்டத்தில் தோற்றோம். நன்றாகவே தோற்றோம், அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை. அன்று நான் தட்டைச் சப்பாத்துப் போட்டிருந்தேன். ஆட்டம் முடிந்ததும் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் என்னிடம் வந்தார். வீடியோவை நம்பாத அவரும் அந்த வீடியோவைப் பார்த்திருந்தார். யார்தான் பார்க்கவில்லை? அதன் தொடர்ச்சியையும் முழுதாகப் பார்த்திருந்தார்.

"உன் கோல்கீப்பர் திரும்பக் கோலுக்குப் போனாளே, அது உன் முடிவா?"

"இல்லை. நான் வெளியேற்றப்பட்டிருந்தேன்."

"அந்தக் கூச்சல்? நீ சொல்லிக்கொடுத்ததா?"

"இல்லை. அந்த நேரம் நான் எதையும் சொல்லக்கூடாது என்று அவள் எனக்குக் கட்டளையிட்டிருந்தாள்."

அவர் தலையசைத்தார். "இன்று அவளை நேரில் பார்த்தேன். பக்கை மறிக்கிற பிள்ளைகள் எனக்கு நிறையக் கிடைப்பார்கள்," என்றார். பிறகு துளசியின் அப்பா எங்கே நிற்கிறார் என்று கேட்டார். கையைக் காட்டினேன்.

நீங்கள் கேட்கும் பாடம் இதற்குள் எங்கே இருக்கிறது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். துளசியும் நானும் செய்தது ஒரே தந்திரம்தான். இருவரும் தமிழில் பொய் சொன்னோம். நான் அந்தப் பொய்யை என் அணி முழுவதையும் நினைவில் வைத்திருக்கச் சொன்னேன், அதனால் எங்கள் ஆட்களே மோதிக்கொண்டார்கள். துளசி அதை எதிரணியில் ஒரேயொரு ஆளுக்குச் சொன்னாள். எங்கள் அணியில் யாருமே எதையும் புதிதாகப் பழக வேண்டியிருக்கவில்லை. நோயெமி ஓடினாள், லீயா மறித்தாள், எல்லோரும் அடி என்றார்கள். நெருக்கடி நேரத்தில் உங்கள் யோசனைக்காக யார் பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். அது உங்கள் பிள்ளைகள் என்றால் அந்த யோசனையைக் கைவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

இன்னொன்று. ஆட்டக்காரியாக இருந்து கோச் ஆனவர்களுக்கு இது கட்டாயம் வரும். உங்களில் மூவருக்கு வரும். பெஞ்சில் நிற்கும்போது தடுப்புக்கு அரை அடி பின்னால் நில்லுங்கள். கால் எட்டாத தூரத்தில்.

இப்போதைய நிலைமை இது. துளசி பல்கலைக்கழக அணியின் கோல்கீப்பர், அவளுடைய அப்பா மட்டையையும் கவசத்தையும் விற்கவில்லை. நோயெமி தெப்பனரில் இன்னும் தமிழ் பேசுகிறாள். ஜோசே இந்த வருடமும் உதவிப் பயிற்சியாளர். நான் சென்ட் லோரன்ட் ஆலையில் முழுநேர வேலைக்குத் திரும்பிவிட்டேன், ஆட்ட நாட்களில் அப்பாவுக்கும் ராணி அன்ரிக்கும் நடுவில் அமர்ந்து பார்க்கிறேன். அப்பாவுக்கு எங்கள் நிறம் இப்போது தெரியும். சப்பாத்து, குதி இல்லாமல், உடைமாற்று அறையில் ஓர் ஆணியில் தொங்குகிறது. நான் நின்ற பெஞ்சில் இந்தப் பருவத்திலிருந்து ஹரிணி நிற்கப்போகிறாள்.